எல்லாம் பார்த்த பூனை, எதையும் பார்க்காத பன்றி: ‘ஸ்கேர்டி கேட்’ ஒரு நிகழ்வு ஆய்வு

1948 டிசம்பர் 18 அன்று வார்னர் பிரதர்ஸ் ‘ஸ்கேர்டி கேட்’ (பயந்தாங்கொள்ளிப் பூனை) என்ற கார்ட்டூன் குறும்படத்தை வெளியிட்டது. ஓடும் நேரம் ஏழு நிமிடத்தை ஒட்டி. இயக்கம் சக் ஜோன்ஸ், கதை மைக்கேல் மால்ட்டீஸ். போர்க்கி என்ற பன்றி, அது வளர்க்கும் சில்வெஸ்டர் என்ற பூனை, ஒரு பாழடைந்த வீடு, அந்த வீட்டைத் தங்கள் கைக்குள் வைத்திருக்கும் எலிக் கூட்டம். அவ்வளவுதான் கதைக்கான சரக்கு. பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்பார்கள். இங்கே எலிகள் ராஜ்ஜியம் நடத்துகின்றன, பூனை நடுங்கிக்கொண்டு எஜமானின் காலைக் கட்டிக்கொள்கிறது.

எலி பூனையை அடிப்பதில் 1948-ல் புதுமை ஒன்றும் இல்லை. டாம் அண்ட் ஜெர்ரி 1940-லேயே வந்துவிட்டது, ஆஸ்கர்களையும் அள்ளிக்கொண்டிருந்தது. அதனால் ‘எலி ஜெயிக்கிறது’ என்பதை மட்டும் வைத்து இந்தப் படம் இத்தனை காலம் பேசப்பட்டிருக்காது. இதைப் பயந்தாங்கொள்ளிப் பூனையின் கதை என்று சொல்வதிலேயே எனக்கு உடன்பாடில்லை. சில்வெஸ்டர் சும்மா பயப்படவில்லை. வீட்டுக்குள் கொலைகாரக் கும்பல் இருக்கிறது, அதைக் கண்ணால் பார்க்கிறது, பயப்படுகிறது. யாராக இருந்தாலும் பயப்படத்தான் செய்வார்கள். வில்லங்கம் எல்லாம் பக்கத்தில் இருப்பவன் நம்பாததில்தான் வருகிறது. நேரில் பார்த்த சாட்சியை யாருமே நம்பவில்லை என்றால் அந்தச் சாட்சி என்ன பாடுபடும் என்பதுதான் இந்த ஏழு நிமிடம்.

படத்துக்கு முன்னால்

அன்றைக்கு வார்னரின் கார்ட்டூன் பிரிவில் இயக்குநர்கள் தனித்தனிக் குழுக்களாக வேலை செய்தார்கள். பாத்திரங்கள் மட்டும் பொதுச் சொத்து. பக்ஸ் பன்னியையோ போர்க்கியையோ யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், தன் பாணிக்கு வளைத்துக்கொள்ளலாம். சில்வெஸ்டர் பூனை முதலில் சக் ஜோன்ஸின் பிள்ளை இல்லை. ஃபிரிஸ் ஃப்ரெலெங் 1945-ல் எடுத்த ‘லைஃப் வித் ஃபெதர்ஸ்’ படத்தில் பிறந்தது. 1947-ல் அதே ஃப்ரெலெங் அந்தப் பூனையை மஞ்சள் குருவி ட்வீட்டியோடு சேர்த்து ‘ட்வீட்டி பை’ எடுத்தார். வார்னர் கார்ட்டூன் பிரிவுக்கு முதல் ஆஸ்கர் கிடைத்தது அதற்குத்தான். ஆனால் அந்தப் படத்தில் பூனையின் பெயர் தாமஸ். சில்வெஸ்டர் என்று திரையில் முதன்முதலாகப் பெயர் சூட்டப்பட்டது ‘ஸ்கேர்டி கேட்’டில்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃப்ரெலெங்கின் பூனை வாயாடி. எச்சில் தெறிக்கத் தெறிக்கப் பேசும், திட்டம் போடும், வீம்பு பிடிக்கும். அதே பூனையை வாங்கிய ஜோன்ஸ் முதல் காரியமாக அதன் வாயை அடைத்துவிட்டார். ‘ஸ்கேர்டி கேட்’டில் சில்வெஸ்டர் ஒரு வசனம்கூடப் பேசாது. அலறும், முனகும், பல்லைக் கிட்டிக்கொண்டு நடுங்கும். எல்லாக் குரலையும் கொடுக்கிற மெல் பிளாங்க் ஸ்டுடியோவிலேயே இருக்கிறார், சில்வெஸ்டரின் குரல் ஏற்கனவே ரசிகர்களுக்குப் பழகியும் விட்டது. அப்படியும் வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள் என்றால் கதைக்கு அது தேவைப்பட்டிருக்கிறது. பூனைக்குப் பேச்சு வந்தால் படம் இரண்டாவது நிமிடத்திலேயே முடிந்துவிடும். ‘வீட்டில் கோடரியோடு எலி திரிகிறது’ என்று ஒரு வாக்கியம் போதும். நம்புகிறானோ இல்லையோ, போர்க்கி காதில் விஷயம் விழுந்துவிடும். வாய் இல்லாததால் பூனை ஒவ்வொரு முறையும் நடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. கழுத்தை அறுப்பதுபோல் சைகை, கண்ணை உருட்டல், ஜாடை. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒருவனுக்கு அதெல்லாம் வெறும் கோமாளித்தனம்.

நடந்தது என்ன

போர்க்கி ஒரு வீடு வாங்கியிருக்கிறான். ஊர் எல்லையில் நிற்கும் பேய் பங்களா மாதிரியான வீடு. உள்ளே நுழைந்ததுமே சில்வெஸ்டருக்கு உடம்பு சிலிர்த்துவிடுகிறது. போர்க்கிக்கோ வீடு ரொம்பப் பிடித்துப்போகிறது, அமைதியான இடம் என்று புகழ்கிறான். முதல் சில நொடிகளிலேயே இரண்டு பேருக்கும் இரண்டு வீடு தெரிகிறது என்பது புரிந்துவிடும்.

அடுத்து வருவதுதான் படத்தின் முதுகெலும்பு. இருட்டில் ஒரு சின்ன ஊர்வலம். எலிகள் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகின்றன. வண்டியில் கட்டப்பட்டுக் கிடப்பது வேறொரு பூனை, முன்பு இந்த வீட்டில் இருந்தவர்கள் வளர்த்ததாக இருக்க வேண்டும். கூடவே முகத்தை மறைத்த தலைமூடியும் கையில் கோடரியுமாக ஒரு எலி. வண்டி சமையலறைப் பக்கம் போகிறது. என்ன நடக்கும் என்று படம் காட்டுவதில்லை, காட்டவும் தேவையில்லை. சில்வெஸ்டர் பார்க்கிறது. நாமும் பார்க்கிறோம். போர்க்கி பார்க்கவில்லை.

இதற்குப் பிறகு இரவு முழுக்க ஒரே சுழற்சி. எலிகள் போர்க்கியின் உயிருக்கு உலை வைக்கும். சில்வெஸ்டர் குறுக்கே விழுந்து காப்பாற்றும். அந்தக் கலாட்டாவில் போர்க்கி விழிப்பான்; விழிக்கும் நொடியில் எலி மாயமாகியிருக்கும், பூனை மட்டும் விபரீதமான கோலத்தில் நிற்கும். திட்டு விழும். பூனை பயந்து படுக்கைக்குள் புகும், போர்க்கி வெளியே தள்ளுவான். கடைசியில் சமையலறையில் போய்ப் படு என்று உத்தரவு. எந்தச் சமையலறை என்று பூனைக்கும் நமக்கும் தெரியும்.

அங்கே போவதைவிடச் சாவதே மேல் என்று சில்வெஸ்டர் மேஜை இழுப்பறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துத் தன் தலையிலேயே வைத்துக்கொள்கிறது. போர்க்கி தடுத்துவிடுகிறான். தடுத்த கையோடு சமையலறைக்கும் அனுப்பிவிடுகிறான். எலிகள் பூனையை இழுத்துக்கொண்டு போகின்றன. உள்ளே என்ன நடந்தது என்று இப்போதும் காட்டுவதில்லை. நேரம் கழித்துத் திரும்பி வரும்போது கறுப்புப் பூனை சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது. பேயறைந்தவன் நடை. இதைப் பார்த்தும் போர்க்கிக்குச் சந்தேகம் வரவில்லை. சரி, நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், அங்கே ஒன்றுமில்லை என்று காட்டுகிறேன் என்று கிளம்புகிறான்.

ஊர்வலம் திரும்ப வருகிறது. அதே வண்டி, அதே கோடரி எலி. இந்தத் தடவை வண்டியில் போர்க்கி. கையைக் காலைக் கட்டி, வாயில் துணி. கையில் ஓர் அட்டை: ‘நீ சொன்னதுதான் சரி, சில்வெஸ்டர்.’

அந்த அட்டை

படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. முதல் ஊர்வலம் வெறும் பயமுறுத்தலுக்கு என்று நினைத்திருப்போம். இரண்டாவது வரும்போதுதான் முதலாவது விதைநெல் என்று தெரிகிறது. வண்டி போகும் தினுசை நாம் ஏற்கனவே பார்த்துவிட்டதால் இப்போது விளக்கம் எதுவும் வேண்டியதில்லை, ஆளை மட்டும் மாற்றினால் போதும். ஏழு நிமிடத்துக்குள் கதை சொல்கிறவன் இப்படித்தான் கணக்காகச் செலவழிக்க வேண்டும்.

அட்டையைக் கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் கிடைக்கும். படம் முழுக்கப் பேசத் தெரிந்தவன் போர்க்கி, பேச முடியாதது பூனை. இப்போது போர்க்கியின் வாயில் துணி. பூனை இரவெல்லாம் இருந்த நிலைக்கு அவன் வந்துவிட்டான். உண்மை தெரிகிறது, சொல்ல வாயில்லை. அந்த நிலைமையில் அவன் ‘காப்பாற்று’ என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. தலை போகப்போகும் நேரத்தில் வழக்கின் தீர்ப்பை எழுதிக் காட்டிக்கொண்டு போகிறான். இரவெல்லாம் பூனைக்கு வேண்டியிருந்த ஒரே வாக்கியம் கையில் கிடைத்துவிட்டது, ஆனால் அதைச் சொன்னவன் கழுத்துக்குக் கத்தி வந்தாயிற்று. அட்டை கொஞ்ச நேரம்தான் திரையில் நிற்கிறது. தியேட்டரில் சத்தமாகச் சிரித்திருப்பார்கள்.

அப்புறம், அந்த அட்டை எங்கிருந்து வந்தது, கை கட்டியிருக்கும்போது எப்போது எழுதினான் என்றெல்லாம் கேட்கக்கூடாது. கார்ட்டூனில் அட்டை தேவைப்படும்போது அட்டை இருக்கும்.

யார் எப்போது பார்க்கிறார்கள்

இந்தப் படத்தின் நகைச்சுவையைத் தாங்குவது அடிதடி இல்லை, பார்வையின் திசை. எலி வெளியே தெரியும் நொடியில் போர்க்கியின் முகம் வேறு பக்கம் இருக்க வேண்டும். அவன் திரும்பும் நொடியில் எலி மறைந்திருக்க வேண்டும். நடுவில் பூனை மட்டும் தனியாக மாட்ட வேண்டும். ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடுகின்றன. இரண்டு மூன்று சட்டம் முன்னே பின்னே போனாலும் போர்க்கி எலியைப் பார்த்திருப்பானே என்ற சந்தேகம் நமக்கு வந்துவிடும். வந்தால் அவன் முட்டாளாகத் தெரிவான், படம் செத்துவிடும். ஜோன்ஸ் இந்த நேரக்கணக்கில் பிடிவாதக்காரர். முக்கியமான பாவனைகளைத் தானே வரைந்து, எந்தச் சட்டத்தில் எது வர வேண்டும் என்று தாளில் குறித்துவிட்டுத்தான் அனிமேட்டர்களிடம் கொடுப்பார். இந்தப் படத்துக்கு வரைந்த கென் ஹாரிஸ், பென் வாஷம், லாயிட் வான், ஃபில் மன்ரோ ஆகிய நால்வரும் அவர் குழுவில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்.

போர்க்கியைக் கெட்டவனாக ஆக்காததும் கவனமான வேலை. அவன் பூனையை வெறுக்கவில்லை. துப்பாக்கியைப் பிடுங்கி உயிரைக் காப்பாற்றுகிறான். அவனுக்குத் தெரிந்தவரை இது ஒரு சாதாரண வீடு, தூங்கவிடாத ஒரு பூனை. நாமும் அவன் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்போம். நியாயமாக நடப்பவனே அநியாயம் செய்கிறவனாக ஆகிவிடுகிறான் என்பதால்தான் பூனையின் தனிமை உறைக்கிறது.

இந்தக் கூத்தை ஜோன்ஸும் மால்ட்டீஸும் வெறுங்கையோடு தொடங்கவில்லை. ஒருவன் பேயைப் பார்ப்பான், கூட்டாளி திரும்புவதற்குள் பேய் மறைந்துவிடும் என்கிற விளையாட்டு அமெரிக்க மேடை நகைச்சுவையின் பழைய சொத்து. பட் ஆபட், லூ காஸ்டெல்லோ ஜோடி 1941-ல் ‘ஹோல்ட் தட் கோஸ்ட்’ படத்தில் மெழுகுவர்த்தி தானாக நகரும் காட்சியில் இதைச் செய்தார்கள். 1948-லேயே டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன் பூதம் எல்லாம் வரும் படத்தில் மறுபடியும் செய்தார்கள். பழைய இருட்டு வீட்டில் ஓர் இரவு என்ற கதைக்களமும் இருபதுகளிலிருந்தே ஹாலிவுட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கார்ட்டூனில் சேர்ந்த புதுச்சரக்கு இதுதான்: பார்க்கிறவனிடமிருந்து பேச்சைப் பறித்தது. காஸ்டெல்லோ குறைந்தபட்சம் திக்கித் திணறியாவது கத்துவார். சில்வெஸ்டருக்கு அதுவும் இல்லை.

கார்ல் ஸ்டாலிங்கின் இசை இந்த ஏற்பாட்டில் பூனையின் கட்சி. மௌனப் படக் காலத்தில் கன்சாஸ் சிட்டி தியேட்டர்களில் திரையைப் பார்த்தபடியே ஆர்கன் வாசித்துப் பழகியவர் அவர். எலி நகர்ந்தால் இசை நகரும், பூனை உறைந்தால் இசையும் உறையும். போர்க்கியின் காதில் மட்டும் அது விழுவதில்லை.

காரணம் சொல்லாத எலிகள்

எலிகள் ஏன் இப்படி? படம் சொல்லவே இல்லை. இது சாதாரண விஷயம் இல்லை. ஜெர்ரிக்குச் சாப்பாடு வேண்டும், நிம்மதி வேண்டும். ஜோன்ஸே உருவாக்கிய ஹூபி, பெர்ட்டி என்ற எலி ஜோடிக்கும் காரணம் இருக்கும். ‘ஸ்கேர்டி கேட்’ வந்து நான்கே மாதத்தில், 1949 ஏப்ரலில், அவர் வெளியிட்ட ‘மவுஸ் ரெக்கர்ஸ்’ படத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஹூபிக்கும் பெர்ட்டிக்கும் ஒரு வீடு பிடித்துப்போகிறது. உள்ளே கிளாட் என்ற பூனை, எலி பிடிப்பதில் பரிசுகள் வாங்கிய சூரன். அதை விரட்டினால்தான் குடியேற முடியும். அறையின் சாமான்களையெல்லாம் கூரையில் தலைகீழாக ஆணி அடித்து வைத்து, தான்தான் கூரையில் இருக்கிறோமோ என்று பூனையை நம்ப வைக்கிற அளவுக்குப் போகிறார்கள். கொடூரம்தான், ஆனால் குறிக்கோள் தெளிவு: வீடு வேண்டும்.

‘ஸ்கேர்டி கேட்’ எலிகளுக்கு வீடு ஏற்கனவே இருக்கிறது. பெயர்கள் இல்லை, தலைவன் என்று தனியாக யாரும் வசனம் பேசுவதில்லை. பசிக்காகக் கொல்வதாகவும் தெரியவில்லை. வண்டி, தலைமூடி, கோடரி என்று சடங்காகச் செய்கிறார்கள். பல நாளாக நடந்துவரும் வழக்கம் மாதிரி இருக்கிறது. காரணம் தெரிந்தால் பேரம் பேசலாம், ஒரு சீஸ் துண்டைத் தூக்கிப்போட்டுச் சமாதானம் செய்யலாம். இங்கே அதற்கு வழியில்லை. குழந்தைகள் படம் என்று நினைத்து உட்கார்கிற பெரியவர்களுக்குச் சின்ன உதறல் வருவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. கிளாட் தைரியசாலி, அதன் புத்தியைக் கலைக்கிறார்கள். தன் கண்ணையே நம்ப முடியாமல் போவதுதான் அதன் கதை. சில்வெஸ்டரின் கண்ணில் குறையே இல்லை, மற்றவன் அதை நம்பாததுதான் கதை. ஒரே இயக்குநர், ஒரே சமயத்தில், ஒரே சாமான்களை வைத்து இரண்டு எதிரெதிரான படங்களைச் செய்திருக்கிறார்.

சறுக்கிய இடம்

போர்க்கி பிடிபட்டதும் சில்வெஸ்டர் வீட்டை விட்டு ஓடுகிறது. வழியில் அதன் மனசாட்சி உருவெடுத்து வந்து மறிக்கிறது. குட்டியிலிருந்து வளர்த்தவன் போர்க்கி என்று படம் காட்டுகிறது. இதுவரை சரி. அடுத்து எலி எவ்வளவு சின்னது, பூனை எவ்வளவு பெரியது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டுகிறது. பூனைக்கு வீரம் பொங்குகிறது. ஒரு மரத்தையே பிடுங்கிக்கொண்டு பாய்ந்து எலிப்பட்டாளத்தை விரட்டி அடிக்கிறது.

இந்த வாதம் எனக்கு ஒட்டவில்லை. ‘நீ பெரியவன், அவர்கள் சின்னவர்கள், எதற்குப் பயப்படுகிறாய்’ என்றால், இத்தனை நேரம் பூனை பயந்தது தப்பு என்று ஆகிவிடுகிறது. முதல் ஊர்வலத்தில் போன பூனையும் பெரிய பூனைதானே? அதன் அளவு அதற்கு என்ன உதவி செய்தது? ஐந்து நிமிடமாகப் பூனையின் பயம் நியாயமானது என்று நிரூபித்துவிட்டு, கடைசியில் படமே போர்க்கியின் கட்சிக்குப் போய்விடுகிறது. நிஜ உலகத்திலும் அளவுக் கணக்கு அவ்வளவு நம்பகமானது இல்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு கழிவு மறுசுழற்சி நிலையத்தில் தெருப்பூனைகளையும் அங்கிருந்த பெரிய எலிகளையும் கேமரா வைத்துக் கவனித்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளிவந்தது. 79 நாளில் பூனைகள் கொன்ற எலிகள் 2. இரண்டு தரப்பும் ஒன்றை ஒன்று ஒதுங்கிப் போவதுதான் வழக்கம் என்று தெரிந்தது. சில்வெஸ்டருக்குத் துணை உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மால்ட்டீஸ் சும்மா விடவில்லை. போரெல்லாம் முடிந்து, போர்க்கி நன்றி சொல்லி, எல்லாம் சுபம் என்று இருக்கும்போது ஒரு எலி மிச்சம் இருக்கிறது. அதே கோடரிக்காரன். கடிகாரத்துக்குள்ளிருந்து பாய்ந்து சுத்தியலால் சில்வெஸ்டரை ஒரே போடாகப் போட்டுச் சாய்க்கிறது. மனசாட்சி சொன்ன அளவுக் கணக்கு அதோடு காலி. பிறகு தலைமூடியைக் கழற்றினால் உள்ளே லூ லேர் என்ற நகைச்சுவைக்காரரின் முகச்சாயல். அவர் அன்றைக்குத் தியேட்டர்களில் படத்தோடு சேர்த்துக் காட்டப்பட்ட ஃபாக்ஸ் மூவிடோன் செய்திச் சுருள்களில் மிருகங்களைப் பற்றிக் கொச்சை ஆங்கிலத்தில் பேசிச் சிரிக்க வைத்தவர். குரங்குகளைப் பற்றி அவர் வழக்கமாகச் சொல்லும் ஒரு வரியைப் பூனைகளுக்கு மாற்றிச் சொல்லிவிட்டு எலி படத்தை முடிக்கிறது. 1948-ல் தியேட்டருக்குப் போனவர்கள் அதே அரங்கில் அவருடைய குரலைக் கேட்டுப் பழகியவர்கள். செய்திச் சுருள் போனதும் அந்தச் சிரிப்பும் போய்விட்டது. இன்று பார்க்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அது யாரென்றே தெரியாது. தெரியாவிட்டாலும் முழுக்க வீணில்லை. இரவெல்லாம் நம்மை நடுங்க வைத்தது ஒரு கோமாளி என்பது மட்டும் எட்டிவிடும்.

தொலைக்காட்சியில் வாங்கிய வெட்டு

வார்னர் நிறுவனம் 1956-ல் தன் பழைய வண்ணக் கார்ட்டூன்களை மொத்தமாக விற்றது. 1948 ஆகஸ்ட்டுக்கு முன் வந்தவை எல்லாம் கைமாறின. டிசம்பரில் வந்த ‘ஸ்கேர்டி கேட்’ தப்பி வார்னரிடமே தங்கியது. இந்தப் பிற்காலத் தொகுப்பிலிருந்துதான் அமெரிக்க நெட்வொர்க் தொலைக்காட்சிகளின் சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சிகளுக்குப் படங்கள் போயின. அங்கே பார்வையாளர்கள் குழந்தைகள் மட்டும். தியேட்டரில் பெரியவர்களும் சேர்ந்து பார்க்க எடுத்த படத்துக்குக் கத்தி விழாமல் இருக்குமா? சில்வெஸ்டர் துப்பாக்கியைத் தலையில் வைக்கும் இடம் ஒளிபரப்புகளில் வெட்டப்பட்டது.

வெட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சின்னக் குழந்தை பார்த்து அப்படியே செய்துவிடுமோ என்ற கவலை உண்மையானது. ஆனாலும் படத்துக்கு அதனால் நட்டம்தான். துப்பாக்கியை எடுத்துவிட்டால் பூனை சமையலறைக்குப் போக அடம் பிடிப்பது செல்லச் சண்டையாகிவிடுகிறது. அது எந்த எல்லை வரை போயிருக்கிறது என்பதைப் போர்க்கி தன் கண்ணாலேயே பார்த்தான், அப்படியும் அனுப்பினான் என்பதுதானே அந்தக் காட்சியின் கனம்.

அதே வழக்கு, இரண்டு மேல்முறையீடு

ஜோன்ஸும் மால்ட்டீஸும் இந்த ஜோடியை விடவில்லை. 1954-ல் ‘க்ளாஸ் ஃபார் அலார்ம்’, 1955-ல் ‘ஜம்ப்பின் ஜூபிட்டர்’. இரண்டிலும் பூனை ஊமை, பன்றி குருடு என்ற ஏற்பாடு மாறவில்லை.

மூன்றாவதான ‘ஜம்ப்பின் ஜூபிட்டர்’ கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தூங்கும் இருவரையும் ஒரு வேற்றுக்கிரக ஜீவன் தரையோடு பெயர்த்துக்கொண்டு போகிறது. போர்க்கிக்குக் கடைசிவரை தெரியாது. எலிகளுக்குப் பதில் வேற்றுக்கிரகவாசி வந்ததும் வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் பயம் போய்விடுகிறது. ஒரே சூத்திரத்தை ரொம்ப இழுத்துவிட்டார்கள்.

இரண்டாவதான ‘க்ளாஸ் ஃபார் அலார்ம்’தான் விசேஷம். ஆள் இல்லாத ஓர் ஊரில் கைவிடப்பட்ட ஹோட்டலில் இருவரும் இரவு தங்குகிறார்கள். தூங்கும் போர்க்கியின் கழுத்தை நோக்கி மேலிருந்து சுருக்குக் கயிறு இறங்குகிறது. சில்வெஸ்டர் சவரக்கத்தியால் அறுத்துக் காப்பாற்றுகிறது. போர்க்கி கண் திறந்து பார்த்தால் தன் முகத்துக்கு நேரே கத்தியோடு தன் பூனை. முதல் படத்தில் ஒரு முழு இரவாகப் பரவியிருந்த விஷயத்தை இங்கே ஒரே சட்டத்துக்குள் அடைத்துவிட்டார்கள். காப்பாற்றுகிறவனின் கோலமும் கொலைகாரனின் கோலமும் ஒன்றாக இருக்கிறது, பார்க்கிறவனுக்கு முன்கதை தெரியாது. ஐந்தாறு வருட அனுபவம் அந்த ஒரு படத்தில் தெரிகிறது.

முடிவையும் திருத்திவிட்டார்கள். மனசாட்சி வருவதில்லை, அளவுப் பாடம் இல்லை, பூனைக்குத் திடீர் வீரமும் இல்லை. இரவெல்லாம் துப்பாக்கியோடு காவல் காக்கிறது. காலையில் போர்க்கி சோம்பல் முறித்துக்கொண்டு, நன்றாகத் தூங்கினேன், இன்னும் ஒன்றிரண்டு வாரம் தங்கலாம்போல் இருக்கிறது என்கிறான். சில்வெஸ்டர் துப்பாக்கிக் கட்டையால் அவன் தலையில் ஒரு போடு போட்டு, சாய்ந்தவனைக் காரில் திணித்து, பறந்துவிடுகிறது. நம்ப வைக்கும் முயற்சியையே கைவிட்டாயிற்று. நம்பாதவனை விவாதத்தில் ஜெயிக்க முடியாது என்றால் அவனைத் தூக்கிப்போட்டுக்கொண்டு கிளம்புவதுதான் வழி. இந்த மூன்று படங்களிலும் இதைவிடப் புத்தியுள்ள காரியத்தை யாரும் செய்யவில்லை. காரின் முன்பலகைக்குள்ளிருந்து எலிக் கண்கள் எட்டிப்பார்க்கின்றன என்பது வேறு கதை.

முடிவுக்காக ‘க்ளாஸ் ஃபார் அலார்ம்’, அந்த அட்டைக்காக ‘ஸ்கேர்டி கேட்’ என்பது என் தேர்வு. புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் வந்த வரிசையிலேயே பார்க்கலாம். முதலாவதில் மனசாட்சிக் காட்சி எங்கே உதைக்கிறது என்பது இரண்டாவதைப் பார்க்கும்போது தானாகத் தெரியும். ‘ஸ்கேர்டி கேட்’ 2003-ல் வந்த லூனி டியூன்ஸ் கோல்டன் கலெக்ஷன் முதல் தொகுதி டிவிடியில் இருக்கிறது. வேறு எங்காவது கிடைத்தால், துப்பாக்கிக் காட்சி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது வெட்டுப்பட்ட பிரதி.